எடையும் இறங்கியது, பளுவும் இறங்கியது: கொழுப்பைக் குறைத்த 20 வாரங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தக் குறிப்பில் வருபவர் 41 வயதுப் பெண். உயரம் 164 செ.மீ. தொடங்கிய நாளில் எடை 78 கிலோ, தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவு 94 செ.மீ. நாளின் பெரும்பகுதி உட்கார்ந்தே பார்க்கும் வேலை. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இல்லை. தொடங்கும் முன் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் வந்தார். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

அவர் பயிற்சிக்குப் புதியவர் அல்ல. அதற்கு முந்தைய 14 மாதங்களும் வாரத்தில் மூன்று நாள் என்னிடம் பளுப் பயிற்சி செய்தவர். ஸ்குவாட்டில் (பளுவை முதுகில் ஏற்றி உட்கார்ந்து எழுவது) 60 கிலோவை 5 முறை, டெட்லிஃப்டில் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) 80 கிலோவை 5 முறை, பெஞ்ச் பிரஸ்ஸில் (படுத்தபடி மேலே தள்ளுவது) 35 கிலோவை 5 முறை, நின்றபடி தலைக்கு மேல் தூக்கும் பிரஸ்ஸில் 25 கிலோவை 5 முறை என்ற நிலைக்கு வந்திருந்தார். ஒவ்வொரு செட்டையும் (ஓய்வெடுக்கும் முன் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. இந்த ஆய்வை எழுத முடிந்ததே அந்த நோட்டால்தான்.

முதல்முறை பளு தூக்குபவர் என்றால் இந்தக் கதைக்கே இடமில்லை. புதிதாகத் தொடங்குபவருக்குக் கொழுப்பு கரையும்போதே தசையும் கூடலாம். எந்தத் திட்டத்தைக் கொடுத்தாலும் ஓரளவு பலன் தெரியும். 14 மாதம் உழைத்துச் சேர்த்தவரிடம் இழப்பதற்கு ஒன்று இருந்தது. அதை நான் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் முடிவு: ‘கட்டிங் ரொட்டீன்’

“கோச், தூக்குற அளவுக்குத் தூக்கியாச்சு. இனி கொழுப்பைக் குறைக்கணும். அதுக்குன்னு ஒரு கட்டிங் ரொட்டீன் போட்டுக் கொடுங்க” என்று கேட்டார். கையோடு ஒரு திட்டத்தையும் எழுதி வந்திருந்தார். வாரத்தில் ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் ஏழெட்டுப் பயிற்சிகள், எடை குறைந்த டம்பெல்கள், செட்டுக்கு 15 முதல் 20 ரெப்ஸ் (தூக்கும் முறைகள்), இடையில் 30 வினாடி ஓய்வு. இதற்கு மேல் அந்த ஐந்து நாளும் விடியற்காலையில் 40 நிமிடம் ட்ரெட்மில்.

நான் மறுக்கவில்லை. பழைய திட்டம் அவருக்குச் சலித்துவிட்டது என்பது தெரிந்தது. புதிதாக ஒன்றைக் கொடுத்தால் உற்சாகம் நிற்கும் என்று நினைத்தேன். உணவைக் குறைப்பதே கடினம், பயிற்சியாவது அவருக்குப் பிடித்ததாக இருக்கட்டும் என்பது என் கணக்கு. பயிற்சியாளர்கள் பலரும் செய்யும் சமரசம்தான் இது. செய்யும்போது அது சமரசமாகத் தெரிவதில்லை.

உணவில் அவர் எடுத்துக்கொண்டது நாளுக்குச் சுமார் 1450 கலோரி. மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரப்படி அவருடைய ஓய்வுநிலைச் செலவு (சும்மா இருந்தாலும் உடல் எரிக்கும் கலோரி) ஏறத்தாழ 1440; நடமாட்டத்தையும் பயிற்சியையும் சேர்த்தால் 2200-ஐ ஒட்டி வரும். ஆகப் பற்றாக்குறை நாளுக்கு 750. புரதம் 75 கிராம்தான் இருந்தது. அதாவது உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு. இதைப் பார்த்தேன், ‘பிறகு கூட்டிக்கொள்ளலாம்’ என்று விட்டேன்.

முதல் ஆறு வாரங்களில் கண்டது

எடை நன்றாகவே இறங்கியது. முதல் வாரத்தில் மட்டும் 1.6 கிலோ. அதில் பெரும்பங்கு தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும்; சாப்பாடு குறைந்ததும் இரண்டும் சேர்ந்தே போய்விடும். அதன்பின் வாரத்துக்கு 0.7 கிலோ என்ற வேகம் நிலைத்தது. ஆறாம் வார முடிவில் 72.9 கிலோ.

அவருக்கு மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. கைக்கடிகாரம் ஒவ்வொரு பயிற்சிக்கும் 450, 500 கலோரி என்று காட்டியது அந்த மகிழ்ச்சியைக் கூட்டியது. (ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 7 மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், கலோரிக் கணக்கில் இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27% பிசகியது. இதயத்துடிப்பை ஓரளவு சரியாகச் சொன்ன அதே கருவிகள்தான் அவை.)

நோட்டைப் பிறகு புரட்டியபோது வேறு செய்திகள் கிடைத்தன. மூன்றாம் வாரத்திலிருந்தே ‘தூக்கம் 5.30 மணி நேரம்’, ‘கால் கனக்கிறது’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார். டம்பெல் பிரஸ்ஸில் 18 ரெப்ஸ் 16 ஆகி, பின் 15 ஆனது. ஆனால் திட்டமே ‘15 முதல் 20’ என்று அகலமாக இருந்ததால் 15-ம் தேர்ச்சிதான், 20-ம் தேர்ச்சிதான். அவர் கண்ணுக்கும் படவில்லை, என் கண்ணுக்கும் படவில்லை.

ஆறாம் வார இறுதியில், அளந்து பார்ப்போமே என்று ஸ்குவாட்டுக்கு 60 கிலோ ஏற்றினேன். ஒரு முறை எழுந்தார். இரண்டாம் முறை பாதியில் நின்று பளு மாட்டிய பாரைத் தாங்குகம்பியில் இறக்கிவிட்டார். 15 நிமிடம் கழித்து 50 கிலோவில் 4 முறைதான் வந்தது. அந்த வாரத்தில் தனித்தனி நாள்களில் பார்த்ததில் டெட்லிஃப்ட் 70 கிலோவில் 4, பெஞ்ச் 30 கிலோவில் 5. ஒரே ஒரு முறை எவ்வளவு தூக்க முடியும் என்று கணிக்கும் எப்லி சூத்திரத்தில் போட்டால் ஸ்குவாட்டின் உச்ச வலிமை 70 கிலோவிலிருந்து 57 கிலோவுக்கு இறங்கியிருந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

“எடை இறங்குதே கோச், அப்புறம் என்ன?” என்றார். நியாயமான கேள்வி. வயிற்றுச் சுற்றளவைப் பார்த்தோம்: 5 கிலோவுக்கு மேல் குறைந்தும் 94-லிருந்து 91-க்குத்தான் வந்திருந்தது. தொடைச் சுற்றளவு 60-லிருந்து 57.5.

இந்த எண்களை எப்படி வாசிப்பது

தசை போய்விட்டது என்று உடனே சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வலிமை குறைந்ததற்கு நான்கு காரணங்கள் இருந்திருக்கலாம், நான்கும் சேர்ந்தும் இருந்திருக்கலாம்.

ஒன்று, பழக்கம் விட்டுப்போனது. கனமான பாரை முதுகில் ஏற்றி உட்கார்ந்து எழுவது ஒரு கைவேலை மாதிரி. ஆறு வாரம் தொடாவிட்டால் நரம்புகளுக்கே தடுமாற்றம் வரும். இரண்டு, ஐந்து நாள் பயிற்சியும் ட்ரெட்மில்லும் சேர்த்துவைத்த களைப்பு. நான் சோதித்ததும் வார இறுதியில்தான், அது என் தவறு. மூன்று, கிளைகோஜன் குறைந்திருந்தது. நான்காவதுதான் உண்மையான தசை இழப்பு. தொடை அளவு குறைந்ததிலும் கொழுப்பின் பங்கு எவ்வளவு, தசையின் பங்கு எவ்வளவு என்று நாடாவால் பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு உறைத்தது இதுதான்: இந்த நான்கையும் பிரித்தறியும் வழியை அந்தத் திட்டமே எடுத்துவிட்டிருந்தது. வாரம் ஒருமுறையாவது கனமான ஒரு செட் இருந்திருந்தால் பழக்கம் விட்டுப்போயிருக்காது. இரண்டாம் வாரத்திலோ மூன்றாம் வாரத்திலோ சரிவு தெரிந்திருக்கும். பளுவைக் குறைத்தபோது பயிற்சியோடு அளவுகோலையும் சேர்த்துத் தூக்கிப்போட்டிருந்தோம். எடைகாட்டும் தராசு ஒன்றுதான் மிச்சம். எது குறைகிறது என்பதை அது சொல்லாது.

இலேசான டம்பெல்மேல் பழியைப் போடவும் முடியாது. குறைந்த பளுவானாலும் தசை இனி முடியாது என்னும் எல்லை வரை கொண்டுபோனால் தசை வளரும். ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தியுள்ளன. உச்ச வலிமையை வளர்ப்பதில்தான் கனமான பளு முந்தும். இவர் விஷயத்தில் 30 வினாடி ஓய்வுதான் கெடுத்தது. தசை ஓயும் முன்பே மூச்சு வாங்கி நிறுத்தினார். வியர்வை கொட்டியது, தசைக்கோ ‘நீ இன்னும் தேவை’ என்ற செய்தி போகவில்லை. பளுப் பயிற்சியை இன்னொரு ட்ரெட்மில்லாக மாற்றிவிட்டிருந்தோம்.

ஏழாம் வாரத்தில் எடுத்த முடிவு: என்னென்ன வழிகள் இருந்தன

ஐந்து நாள் திட்டத்தையே வைத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் சரிசெய்வது முதல் வழி. அவர் விரும்பியது இதைத்தான். அளவுகோல் இல்லாத பிரச்சினை அப்படியே இருக்கும் என்பதால் தள்ளினேன். மேலுடல், கீழுடல் என்று பிரித்து நான்கு நாள் செய்வது நல்ல திட்டம்தான். ஆனால் ஏற்கெனவே தூக்கம் போதாதவருக்கு ஒரு நாள் குறைந்தால் நல்லது. பழைய மூன்று நாள் திட்டத்துக்கு அப்படியே திரும்பினால் வாரத்துக்கு 36 செட். குறைந்த உணவில் அத்தனை செட்டிலிருந்து தேறி வருவது சிரமம்.

எனவே பழைய மூன்று நாள் திட்டத்தின் பளுவை வைத்துக்கொண்டு செட்டுகளை வெட்டினோம். 36 செட் 24 ஆனது. இதற்கு எனக்குத் துணையாக இருந்தது பிக்கெல் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு. 16 வாரம் பயிற்சி செய்தவர்களின் பயிற்சி அளவை மூன்றில் ஒரு பங்காகவும் ஒன்பதில் ஒரு பங்காகவும் குறைத்து, பளுவைக் குறைக்காமல் 32 வாரம் தொடர்ந்தார்கள். 20 முதல் 35 வயதுக்காரர்களுக்கு மூன்றில் ஒரு பங்கே ஈட்டியதைக் காக்கப் போதுமானதாக இருந்தது. 60 முதல் 75 வயதுக்காரர்களுக்கு வலிமை நின்றது, தசைப் பருமன் அதே அளவுக்கு நிற்கவில்லை. இவருக்கு வயது 41, இரண்டு குழுவிலும் சேர மாட்டார். அதோடு அந்த ஆய்வில் யாரும் உணவைக் குறைத்துக்கொண்டிருக்கவில்லை. அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு வரை போகாமல் மூன்றில் இரண்டோடு நிறுத்தினேன்.

திட்டம் எளியது. முதல் நாள் ஸ்குவாட் 3 செட், பெஞ்ச் 3, ரோயிங் (பளுவை உடலை நோக்கி இழுப்பது) 2. இரண்டாம் நாள் டெட்லிஃப்ட் 2, நின்றபடி பிரஸ் 3, லாட் புல்டவுன் (மேலிருக்கும் கம்பியைக் கீழே இழுப்பது) 3. மூன்றாம் நாள் மீண்டும் ஸ்குவாட் 2, பெஞ்ச் 3, ரோயிங் 3. ஆனால் 10% குறைந்த பளுவில். முதல் செட்தான் கனமானது, 4 முதல் 6 ரெப்ஸ், இன்னும் இரண்டு வரும் என்னும்போது நிறுத்த வேண்டும். மற்றவை சற்று இறக்கி 6 முதல் 8. ஓய்வு மூன்று நிமிடம். “மூணு நிமிஷம் சும்மா உட்கார்றதா?” என்று முதல் வாரம் முழுக்க முறைத்தார்.

ஒரு விதியை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன். உடம்பு ஒத்துழைக்காத நாளில் கடைசி செட்டை விடலாம். பளுவை இறக்கக் கூடாது. ஒரே பயிற்சியில் இரண்டு முறை தொடர்ந்து முதல் செட் சரிந்தால், முதலில் அந்தப் பயிற்சியில் ஒரு செட்டைக் குறைப்போம், அடுத்து தூக்கத்தைப் பார்ப்போம், அதற்கும் சரிவராவிட்டால் நாளுக்கு 150 கலோரி கூட்டுவோம். (மூட்டில் வலி என்றால் இந்த விதி பொருந்தாது, அன்றே நிறுத்த வேண்டும்.)

உணவு 1700 கலோரிக்கு உயர்ந்தது. புரதம் 120 கிராம், அதாவது கிலோவுக்கு 1.6 கிராமுக்குச் சற்று மேல். விடியற்காலை ட்ரெட்மில்லை நிறுத்தினோம். பதிலாக நாள் முழுவதற்குமாக 8000 காலடி. ட்ரெட்மில்மேல் எனக்குப் பகை இல்லை. அது அவருடைய தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. நெடெல்சேவா குழுவினர் 2010இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், 10 பேர் ஒரே அளவு குறைந்த உணவோடு 14 நாள் 8.5 மணி நேரம் தூங்க வாய்ப்போடும், 14 நாள் 5.5 மணி நேரம் மட்டும் தூங்க வாய்ப்போடும் இருந்தார்கள். இரண்டிலும் குறைந்த எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அதில் கொழுப்பு, நன்றாகத் தூங்கியபோது 1.4 கிலோ, தூக்கம் கெட்டபோது 0.6 கிலோ. பத்துப் பேரை வைத்து உலகுக்கே தீர்ப்பு எழுத முடியாது. என்றாலும் இவர் நோட்டில் ‘5.30’ என்று தொடர்ந்து பார்த்தவனுக்கு அந்த எண் கண்ணைக் குத்தியது.

அடுத்து நடந்தவை

முதல் இரண்டு வாரத்தில் எடை கூடியது. 72.9-லிருந்து 73.7. சாப்பாடு கூடினால் கிளைகோஜனும் தண்ணீரும் திரும்பி வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். கேட்டுக்கொண்டாரே தவிர நம்பவில்லை.

ஒன்பதாம் வாரத்தில் ஸ்குவாட் 57.5 கிலோவில் 5. மூன்றே வாரத்தில் இவ்வளவு திரும்பியது என்றால், இழந்ததில் பெரும்பங்கு பழக்கமும் களைப்பும்தான் என்று தோன்றுகிறது. முன்பு சேர்த்த தசை மீண்டும் வருவது புதிதாகச் சேர்ப்பதைவிட வேகமாக நடக்கும் என்பதால், அதையும் முழுதாக ஒதுக்க முடியாது.

பதினோராம் வாரத்தில்தான் திட்டம் உடையப் பார்த்தது. எடை நான்கு நாளில் 1.1 கிலோ ஏறியது. அவர் எதுவும் சொல்லவில்லை. அந்த வாரம் டெட்லிஃப்ட் வழக்கத்துக்கு மாறாக மோசமாக இருந்ததால் கேட்டேன். இரண்டு விடியற்காலை ட்ரெட்மில்லில் ஓடியதை ஒப்புக்கொண்டார். “பயமா இருந்துச்சு கோச்” என்றார். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் உடல் தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் தராசின் மேல் நிற்கும்போது தெரிந்தது நினைவுக்கு வருவதில்லை. அவருடைய பழைய பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரே நாளின் எடையை அடுத்தடுத்து எழுதினோம். நேற்றோடு இன்றை ஒப்பிட்டபோது ஏற்றமாகத் தெரிந்தது, சென்ற சுழற்சியின் அதே நாளோடு ஒப்பிட்டபோது இறக்கமாக இருந்தது. இதைத் தொடக்கத்திலேயே செய்யாதது எனக்கு இன்றும் வெட்கம்தான். அதற்குப் பிறகு அவர் வாரச் சராசரியைத்தான் பார்த்தார்.

பதின்மூன்றாம் வாரம் முழுக்க, எடை நிலையாக நிற்கும் அளவுக்கு உணவைக் கூட்டி இடைவெளி விட்டோம். பதினான்காம் வாரத்தில் பெஞ்ச் செய்யும்போது வலது தோளின் முன்பக்கம் வலித்தது. நான்கு வாரம் உள்ளங்கைகள் எதிரெதிரே பார்க்கும் டம்பெல் பிரஸ்ஸுக்கு மாற்றினோம், வலி போனது. அதனால் பெஞ்ச் எண்களை மற்றவற்றோடு சேர்த்து எடைபோட முடியாது.

கையில் பிடிக்கும் கொழுப்புமானி ஒன்றையும் பயன்படுத்திப் பார்த்தோம். தொடக்கத்தில் 38%, ஆறாம் வாரத்தில் 36%, ஒன்பதாம் வாரத்தில் 37%. அது உடலில் மின்சாரம் செல்லும் தடையை வைத்துக் கணிப்பது. உடல்நீர் மாறினால் எண்ணும் மாறும். அதை ஒன்பதாம் வாரத்தோடு எடுத்துவைத்துவிட்டோம்.

இருபதாம் வார நிலை

எடை 68.8 கிலோ. வயிற்றுச் சுற்றளவு 84.5 செ.மீ. தொடை 57. ஸ்குவாட் 62.5 கிலோவில் 5, டெட்லிஃப்ட் 82.5 கிலோவில் 4. நின்றபடி பிரஸ் 25-லிருந்து 22.5 கிலோவுக்கு இறங்கியது, ரெப்ஸ் அதே 5. பெஞ்ச் 32.5 கிலோவில் 5.

இரண்டு கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரியும். முதல் ஆறு வாரத்தில் 5.1 கிலோ போனது, வயிறு 3 செ.மீ. குறைந்தது. அடுத்த 14 வாரத்தில் 4.1 கிலோதான் போனது, வயிறோ 6.5 செ.மீ. குறைந்தது. முதல் கட்டத்தில் போன தண்ணீரைக் கழித்துப் பார்த்தாலும் இந்த இடைவெளி முழுதாக மறைவதில்லை. தொடை முதல் கட்டத்தில் 2.5 செ.மீ. குறைந்தது, இரண்டாம் கட்டத்தில் அரை செ.மீ. மட்டுமே.

மேலுடல் வலிமை முழுதாகத் திரும்பாதது எனக்கு நெருடல். பளுவில் சிறிய படிகள் இல்லாததும் ஒரு காரணம்: 25 கிலோ தூக்குபவருக்கு 2.5 கிலோ என்பது பத்தில் ஒரு பங்கு, 80 கிலோ தூக்குபவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

மீண்டும் செய்வதாக இருந்தால்

இந்த ஆய்வின் பெரிய ஓட்டை என்னுடையது. ஏழாம் வாரத்தில் பளு, செட், ஓய்வு, கலோரி, புரதம், தூக்கம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினேன். எது எவ்வளவு உதவியது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அவர் நலத்துக்கு அது சரியான முடிவு. கற்றுக்கொள்வதற்குத் தவறான முடிவு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் மீண்டும் அதையேதான் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் முதல் ஆறு வாரத்தை மாற்றியிருப்பேன். சலிப்பு என்று ஒருவர் சொன்னால் துணைப் பயிற்சிகளை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம். டம்பெல், கேபிள், சுற்றுப் பயிற்சி, எதுவானாலும் சரி. ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் மூன்றிலும் வாரத்துக்கு ஒரு கனமான செட் மட்டும் இருந்தாக வேண்டும். புரதத்தை முதல் நாளே சரிசெய்திருப்பேன். வயிற்றை ஆறாம் வாரத்தில் அளக்காமல் வாராவாரம் ஒரே நாளில் அளந்திருப்பேன். வலிமைச் சோதனையை ஓய்வு நாளுக்கு மறுநாள் வைத்திருப்பேன். 2.5 கிலோவுக்குப் பதில் 1 கிலோ படிகளில் ஏற்ற, அரைக் கிலோத் தகடுகள் இரண்டை வாங்கிவைத்திருப்பேன். அவற்றைப் பிறகு வாங்கினேன்.

இருபதாம் வாரத்துக்குப் பின் உணவை மெல்லக் கூட்டி, 24 செட்டை ஆறு வாரத்தில் 34 ஆக்கினோம். கூட்டிய முதல் வாரத்தில் தொடை வலியால் படி இறங்கவே சிரமப்பட்டார். ஐந்து மாதம் கழித்துப் பார்த்தபோது எடை 70 கிலோ, வயிறு 85 செ.மீ., ஸ்குவாட் 67.5 கிலோவில் 5. பெஞ்ச் பழைய 35 கிலோவை அந்த மாதம்தான் தொட்டது. மூன்று நிமிட ஓய்வு இன்னும் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் நோட்டை எழுதி முடிக்கிறார்.